அத்தியாயம் 6: கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது

எங்கள் பெரியம்மா வீட்டுக் கிணறு தெருவுக்கே பேர்போனது. சித்திரை வெயிலிலும் வற்றாது. அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் குழையும், சோப்பு நன்றாக நுரைக்கும். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் குடத்தோடு அங்கேதான் வருவார்கள். "குடிச்சுப் பாரு, இளநி மாதிரி இருக்கும்" என்று விருந்தாளிக்கெல்லாம் ஒரு சொம்பு மொண்டு கொடுப்பார் பெரியம்மா. சில வீட்டுக் கிணறுகளின் தண்ணீரை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனபோது அதையும் ஒரு கேனில் பிடித்துக்கொண்டேன். உப்பு, கடினத்தன்மை, இரும்பு எல்லாம் அளவுக்குள் இருந்தன. நைட்ரேட் மட்டும் லிட்டருக்கு 82 மில்லிகிராம். குடிநீரில் அது 45-ஐத் தாண்டக் கூடாது. கிணற்றிலிருந்து இருபதடியில் மாட்டுத்தொழுவம், தொழுவத்தை ஒட்டி எருக்குழி. சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய வீட்டின் செப்டிக் டேங்க்.

பெரியம்மா நம்பவில்லை. "நாலு தலைமுறையா குடிக்கிறோம்டா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். அந்த மாதம்தான் அக்கா பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு அங்கே வந்திருந்தாள். தாய்ப்பால் போதாமல் குழந்தைக்குப் பால்மாவு கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கலக்கியது அந்தக் கிணற்றுத் தண்ணீரில். நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்துத்தான் கலக்கினார்கள். நைட்ரேட் விஷயத்தில் கொதிக்கவைப்பது நிலைமையைக் கூடுதலாகக் கெடுக்கும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நகராட்சியோ ஊராட்சியோ குழாயில் விடுகிற தண்ணீரைச் சோதிக்க ஆள் உண்டு. எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது வேறு பேச்சு. பொறுப்பு என்று ஒருவர் மேல் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கிணற்றுக்கு அப்படி யாரும் கிடையாது. வெட்டியது நீங்கள், குடிப்பது நீங்கள், சோதிக்க வேண்டியதும் நீங்கள். நம்மில் பெரும்பாலோர் அந்த வேலையை நாக்கிடம் ஒப்படைத்திருக்கிறோம். உப்பு, இரும்பு, கந்தக வாடை ஆகியவற்றை நாக்கும் மூக்கும் சரியாகவே சொல்லிவிடும். ஆனால் நைட்ரேட்டுக்கு ருசி இல்லை. ஃபுளோரைடுக்கு நிறமும் மணமும் இல்லை. மலக்கிருமி கலந்த தண்ணீர் பளிங்கு போலத் தெளிந்திருக்கும்.

கிணற்றைச் சுற்றி ஒரு நடை

ஆய்வகத்துக்குப் போகுமுன் கையில் ஒரு டேப்போடு கிணற்றைச் சுற்றி நடந்து பாருங்கள். எதைச் சோதிக்கச் சொல்வது என்று இந்த நடையிலேயே பாதி தெரிந்துவிடும்.

செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி, எருக்குழி, சாக்கடை ஆகியவை கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர், அதாவது ஐம்பதடி தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதாரப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு. அரை கிரவுண்டு மனையில் ஐம்பதடிக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மனை சிறிதாக இருக்க இருக்கச் சோதனை அடிக்கடி தேவை என்பதுதான் அதற்குப் பதில். உங்கள் செப்டிக் டேங்கை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடாதீர்கள். மதில் மேல் ஏறிப் பக்கத்து வீட்டாருடையது எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். தண்ணீருக்குப் பட்டா எல்லை தெரியாது.

திறந்த கிணறானால் உறையைப் பாருங்கள். மேலிருந்து இருபதடி ஆழத்துக்காவது உறைகளுக்கு இடையே சிமெண்ட் பூசி அடைத்திருக்க வேண்டும். மேல்மண்ணில் இறங்கும் அழுக்கு நீர் பக்கவாட்டில் கசியாமல் இருக்க அதுதான் தடுப்பு. உறையில் பச்சையாக ஈரக்கோடு இறங்கியிருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. கைப்பிடிச் சுவர் இரண்டரை அடியாவது இருக்கட்டும். சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தளம் போட்டு வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்திருக்க வேண்டும். கிணற்றடியில் துவைக்கிற வழக்கம் இருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அது சுற்றிச் சுற்றிக் கிணற்றுக்கே வருகிறது.

ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் "முந்நூறு அடி, பாறைத் தண்ணி" என்று நிம்மதியாக இருப்பார்கள். கேசிங் பைப்பின் வாயைப் பாருங்கள். தரையோடு தரையாக வெட்டி மேலே ஒரு சாக்கைச் சுற்றி வைத்திருந்தால், மழை பெய்து முற்றத்தில் தேங்குகிற தண்ணீர் நேராக அந்த முந்நூறு அடிக்கும் இறங்கும். பைப் தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது நிற்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்பு நல்ல ஏற்பாடு. ஆனால் மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டாமல் கிணற்றில் விட்டால் காக்கை எச்சமும் பூனைக் கழிவும் கூடவே இறங்கும். முதல் மழைத் தண்ணீரை வெளியே தள்ளிவிட ஒரு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டிலேயே தெரிகிற சில

போர் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, பிறகு மஞ்சளாகிச் செந்நிறமாக அடியில் படிந்தால் இரும்பு. காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாகப் பிரிகிறது. நசுக்கிய கொய்யா இலையைத் தண்ணீரில் போட்டாலோ ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூளைத் தூவினாலோ இரும்பு அதிகமுள்ள தண்ணீர் கருநீலமாக மாறும். அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேரும்போது வருகிற நிறம் அது. அந்தக் காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். டீ காரணமில்லாமல் கறுத்தால் அதுவும் இதே சேதி. இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே வெள்ளை வேட்டியில் கறை ஏறத் தொடங்கும். துணிக்கும் குழாய்க்கும்தான் பெரும்பாலும் தொல்லை. உடம்புக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

அழுகிய முட்டை வாடை அடித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சோப்பு நுரைக்காமல் திரிந்தால், பாத்திரத்தில் வெள்ளைப் படலம் ஒட்டினால் கடினத்தன்மை. இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் இருப்பவரிடம் சொல்ல உதவும். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உள்பக்கம் தேற்றான் கொட்டை தேய்ப்பது நல்ல பழக்கம், நானே செய்வேன். கண்ணுக்குத் தெரிகிற கலங்கலைத்தான் அது இறக்கும். தெளிந்துவிட்டதாலேயே அந்தத் தண்ணீர் சோதனையில் தேறிவிட்டதாக ஆகாது.

இனி, பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, அதிலிருந்து மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கும் என்று அது கணக்குப் போட்டுக் காட்டும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. மீட்டர் 300 காட்டுகிற தண்ணீரில் ஃபுளோரைடு 3 இருக்கலாம். 900 காட்டுகிற தண்ணீரில் ஃபுளோரைடு அளவுக்குள் இருக்கலாம். மாதாமாதம் அளந்து குறித்துவைத்தால் ஒரு பயன் உண்டு. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு எண் ஏறிக்கொண்டே போவது தெரிந்தால், உவர் உள்ளே வருகிறது என்று முன்கூட்டியே புரியும்.

வாசலில் வந்து நிற்கிற ஆர்.ஓ. விற்பனையாளரின் வித்தையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு டம்ளர், ஒன்றில் உங்கள் தண்ணீர், ஒன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். நாலு கம்பி வைத்த ஒரு கருவியை இரண்டிலும் முக்கி, பிளக்கைச் செருகுவார். இரண்டே நிமிடத்தில் உங்கள் தண்ணீர் செம்மண் குழம்பாகும், அவருடையது அப்படியே இருக்கும். "பாருங்க மேடம், இதைத்தான் குடிக்கிறீங்க." அந்தக் குழம்பு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல. கருவியிலுள்ள இரும்புக் கம்பி மின்சாரத்தில் கரைந்து துருவாக இறங்குகிறது. அவருடைய தண்ணீரில் உப்பே இல்லாததால் மின்சாரம் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. அவர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். கருவியை மூட்டை கட்டிவிடுவார்.

வீட்டில் செய்யத் தக்க உருப்படியான சோதனை ஒன்று உண்டு: எச்.2.எஸ். குப்பி. கே.எஸ். மஞ்சா என்ற இந்திய ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1982-இல் வெளியிட்ட முறை இது. மருந்து தடவிய காகிதம் உள்ள குப்பியில் தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மலக்கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். கறுத்தால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். கறுக்காவிட்டால் ஓரளவு நிம்மதி, அவ்வளவுதான். இயல்பாகவே கந்தக வாடை உள்ள தண்ணீருக்கு இந்தக் குப்பி உதவாது, அது சும்மாவே கறுக்கும். சோதனை முடிந்த குப்பியில் கிருமி பெருகியிருக்கும் என்பதால் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி வைத்திருந்து பிறகு கொட்டுங்கள். பிள்ளைகள் கையில் கிடைக்க வேண்டாம்.

கிராமத்தில் இருப்பவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்கள் வீதம் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தந்து களப் பரிசோதனைப் பெட்டி கொடுப்பது ஓர் ஏற்பாடு. நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுச் சொல்கிற சோதனைதான் என்றாலும், ஃபுளோரைடு, நைட்ரேட் எங்கே நிற்கின்றன என்று குத்துமதிப்பாகத் தெரிந்துவிடும்.

எதைச் சோதிக்கச் சொல்வது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தித் தனியாரும் தண்ணீரைக் கொடுக்கலாம். சென்னைவாசிகளுக்குக் கிண்டி கிங் நிலையம் இருக்கிறது. தனியார் ஆய்வகத்துக்குப் போனால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்கிற கடை இலவசமாகச் செய்து தரும் சோதனைக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

ஆய்வகத்தில் "தண்ணி டெஸ்ட் பண்ணணும்" என்று மட்டும் சொன்னால் வழக்கமான சோதனைகளோடு முடித்துவிடுவார்கள். இரண்டு தனித்தனிச் சோதனைகள் உண்டு, இரண்டையும் கேளுங்கள். ஒன்று வேதியியல் சோதனை: கலங்கல், பி.எச்., கரைந்த திடப்பொருள், கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு. மற்றது கிருமிச் சோதனை: கோலிஃபார்ம், ஈ.கோலை. பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். வயிற்றுப்போக்குக்கும் மஞ்சள்காமாலைக்கும் டைஃபாய்டுக்கும் காரணம் இரண்டாவதில்தான் தெரியும்.

உங்கள் ஊரைப் பொறுத்துச் சிலவற்றை அழுத்திக் கேட்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பாறை நிலத்தில் போர் போட்டவர்கள் ஃபுளோரைடை விடவே கூடாது. ஃபுளோரைடால் வரும் நோய் இந்தியாவில் முதலில் பதிவானதே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், 1937-இல். பாறையிலுள்ள தாதுக்களிலிருந்து அது கரைந்து வருகிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் ஃபுளோரைடு அதனோடு சேர்ந்து படிந்துவிடும். சுண்ணாம்பு குறைந்த, காரம் மிகுந்த தண்ணீரில்தான் அது அதிகம் கரைந்து நிற்கும். சோப்பு நன்றாக நுரைக்கிறதே என்று நாம் மெச்சுகிற தண்ணீரிலேயே அது ஒளிந்திருக்கலாம். பிள்ளைகளின் நிரந்தரப் பற்கள் உருவாகும் வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் முதலில் சுண்ணாம்புத் திட்டும் பிறகு பழுப்புக் கோடும் விழும். எந்தப் பற்பசைக்கும் அது போகாது. பல ஆண்டுகள் அதிக அளவில் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகிப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருப்பது இதனால்தான். அந்தக் குழாய் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் குடிக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் மற்றதற்கு.

கடலோரத்தில் குளோரைடு. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்து இறைத்துக் கடல்நீர் உள்ளே வந்த கதை அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைகளை நினைவில் வைத்து குரோமியத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பாலாற்றங்கரைத் தோல் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தும், நிலத்தில் இறங்கியது இறங்கியதுதான். நொய்யல் கரையில் சாயக்கழிவு. வயலுக்கு நடுவே வீடு இருந்தால், யூரியா மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற தோட்டம் பக்கத்தில் இருந்தால், நைட்ரேட். யாழ்ப்பாணத்தில் உறவு உள்ளவர்களுக்கு இது பழகிய சங்கதி. சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்ட உரமும் மலக்குழிக் கழிவும் தடையில்லாமல் கிணற்றுக்கு இறங்கிவிடுகின்றன. ஆர்செனிக்கைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பதற வேண்டாம். அது பெரிதும் கங்கைச் சமவெளியின் தொல்லை.

மாதிரி எடுப்பது

தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஆய்வகக் கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் நீங்கள் கொடுத்த தண்ணீரைத்தான் அது அளக்கும்.

வேதியியல் சோதனைக்கு இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன் போதும். புதிது நல்லது. குளிர்பானம், எண்ணெய், ஊறுகாய், மண்ணெண்ணெய் இருந்த பாத்திரம் வேண்டாம், எத்தனை முறை கழுவியிருந்தாலும். சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். பிடிக்கப்போகிற அதே தண்ணீரால் மூன்று முறை அலசி ஊற்றிவிட்டு, காற்று நிற்காமல் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். மோட்டாரைப் போட்டவுடன் வருவது குழாயில் நின்ற தண்ணீர். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கம்ப்ரசர் வைத்த போரில் கலங்கல் போய்த் தெளியும்வரை பொறுங்கள்.

கிருமிச் சோதனைக்கு நம் வீட்டுப் பாட்டில் எதுவும் ஆகாது. ஆய்வகத்திலேயே நுண்ணுயிர் நீக்கிய பாட்டில் தருவார்கள், முதல்நாளே போய் வாங்கி வாருங்கள். உங்கள் தண்ணீரில் குளோரின் போட்டிருந்தால் அதைச் சொல்லி வாங்குங்கள். குளோரினை முறிக்கும் மருந்து இட்ட பாட்டில் வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே கிருமிகள் செத்து அறிக்கை பொய்யாகிவிடும். இந்தப் பாட்டிலை அலசக் கூடாது. மேலே சொன்னதற்கு நேர் எதிர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். குழாய் முனையில் வடிகட்டத் துணி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் ஈரத்தில் கிடக்கிற அந்தத் துணி கிருமிகளுக்கு நல்ல குடியிருப்பு. உலோகக் குழாயானால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி முனையை ஒரு நிமிடம் சுட்டுவிடலாம். பிளாஸ்டிக் குழாயை ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும், அங்கே நெருப்பு வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் ஓடட்டும். அதன்பின் பாட்டிலின் அடியைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்து, மூடியைக் கீழே வைக்காமல், வாய்ப்பகுதியை விரல் தொடாமல் பிடியுங்கள். மேலே ஓர் அங்குலம் காலியாக விட்டு உடனே மூடுங்கள். பேச்சு வேண்டாம். தும்மல் நிச்சயமாக வேண்டாம்.

மோட்டார் இல்லாத திறந்த கிணற்றில் வாளியால் மொண்டு பாட்டிலில் ஊற்றினால் வாளியின் அழுக்குத்தான் அறிக்கையில் வரும். பாட்டிலின் அடியில் சுத்தமான கல் ஒன்றைச் சேர்த்துக் கட்டி, சுத்தமான கயிற்றில், உறையில் உரசாமல் இறக்குங்கள். நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே போய் நிரம்பியதும் தூக்குங்கள்.

கேனிலும் பாட்டிலிலும் பெயர், கிணறா போரா, ஆழம், பிடித்த தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனைப் பாட்டிலை ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். ஆறு மணி நேரத்துக்குள் என்றால் உத்தமம். ஒரு நாள் தாண்டினால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு வேறு எடுப்பதே மேல்.

எந்தப் பருவத்தில்? ஆண்டுக்கு இரண்டு முறை. கோடை முடிவில் தண்ணீர் வற்றி உப்புகள் திரண்டிருக்கும்போது வேதியியல் சோதனை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஊற்று ஏறியதும் கிருமிச் சோதனை. கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் மாதிரி எடுத்து "கிருமி இல்லை" என்று மகிழ்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அறிக்கை வந்ததும்

அளவுகோல் ஐ.எஸ். 10500. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், 2012-இல் திருத்தியது. அறிக்கையில் பல எண்களுக்கு இரண்டு வரம்புகள் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதலாவது ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் பொறுத்துக்கொள்ளலாம் என்கிற அளவு. கரைந்த திடப்பொருள் 500, பொறுக்கத்தக்கது 2,000. கடினத்தன்மை 200, 600. குளோரைடு 250, 1,000. ஃபுளோரைடு 1, 1.5. நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, 45 என்றால் 45. பி.எச். 6.5-க்கும் 8.5-க்கும் இடையே இருக்க வேண்டும். ஈ.கோலை, 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

நைட்ரேட் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. சில ஆய்வகங்கள் அதை நைட்ரேட்டாகவே எழுதும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் எழுதும். நைட்ரஜனாக 10 என்பது நைட்ரேட்டாக ஏறக்குறைய 45. அறிக்கையில் 18 என்று பார்த்து 45-க்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டால், உண்மையில் அது 80. எதை எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டே வாருங்கள்.

என் வீட்டு அனுபவம் ஒன்று. அறிக்கையில் ஈ.கோலை இருந்தது. ஆள்விட்டுக் கிணற்றை இறைத்துத் தூர்வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டு, பத்து நாள் கழித்துக் கொடுத்தேன். மறுபடியும் ஈ.கோலை. மறுபடி தூர்வாரலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது ஆய்வகத்துப் பெண் கேட்டார்: "எங்க பிடிச்சீங்க சார்?" சமையலறைக் குழாயில் என்றேன். "கிணத்துல ஒண்ணு, டேங்க்ல ஒண்ணு, குழாய்ல ஒண்ணு, மூணு எடுத்துட்டு வாங்க. அப்புறம் கிணத்தைத் திட்டலாம்." எடுத்துப் போனேன். கிணறு சுத்தம். மாடித் தொட்டியின் மூடி ஒரு ஓரத்தில் உடைந்து, அதன் மேல் புறாக்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. தூர்வாரிய கூலியில் பத்து மூடி வாங்கியிருக்கலாம்.

கோளாறு கிணற்றில்தான் என்று உறுதியானால், குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்திருந்து இறக்குங்கள். பிறகு குளோரின் போடுங்கள். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14-ஆலும் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். மூன்று மீட்டர் விட்டம், நாலு மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் வீதம் 70 கிராம். ஈரம் பட்டுக் கட்டிதட்டிய பழைய பவுடரில் சத்தே இருக்காது. பவுடரை நேராகக் கிணற்றில் வீசாதீர்கள். வாளியில் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வேறு வாளியில் இறுத்து, அந்த வாளியைக் கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக அலசுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பை உள்ளே கொட்டினால் கடினத்தன்மை ஏறும். ஒரு மணி நேரமாவது யாரும் இறைக்கக் கூடாது. அதனால் இரவில் போடுவது வசதி. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. இறைத்துச் சுத்தம் செய்து, சுகாதார ஆய்வாளரைக் கேட்டுக் கூடுதலாகப் போட வேண்டும். செப்டிக் டேங்கிலிருந்து கசிவு தொடருமானால் எவ்வளவு பவுடர் போட்டும் பயனில்லை. முதலில் கசிவை அடையுங்கள்.

ஃபுளோரைடும் நைட்ரேட்டும் குளோரினுக்கு அசையாது. காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு பாத்திரத்திலேயே நிற்கும், அதனால் அளவு கூடும். பெரியம்மா வீட்டில் நடந்தது அதுதான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நைட்ரேட் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, பால்மாவைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கும்போதுதான் வினை. நாலு தலைமுறைக் கேள்விக்கும் பதில் அதில் இருக்கிறது. முன்பு அந்தத் தெருவில் செப்டிக் டேங்க் கிடையாது, பால்மாவு டப்பாவும் கிடையாது. இதைச் சொன்ன பிறகு பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து குழந்தைக்கு ஊராட்சிக் குழாயில் பிடித்த தண்ணீர். எருக்குழியைத் தோட்டத்தின் கடைசிக்கு மாற்ற ஒரு மாதம் ஆனது.

ஆர்.ஓ. கருவி இந்த இரண்டையும் பெருமளவு நீக்கும். அறிக்கை அதைக் கேட்டால் வாங்குங்கள், விற்பவர் கேட்டால் வேண்டாம். அது கழித்துத் தள்ளுகிற தண்ணீரைக் கிணற்றடி உறிஞ்சுகுழியில் விடாதீர்கள். நீக்கியதெல்லாம் திரும்ப அதே கிணற்றுக்குத்தான் போகும்.

அறிக்கைகளை ஒரு கோப்பில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எண்ணைவிட நாலு ஆண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கிணறு எந்தத் திசையில் போகிறதென்று தெரியும். கடைசியாக, மாதிரியை வாரத் தொடக்கத்தில், காலையில் கொண்டுபோங்கள். கிருமிகளை வளர்த்துப் பார்த்து உறுதி செய்ய இரண்டு மூன்று நாள் பிடிக்கும் என்பதால் வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிற பாட்டிலைப் பல ஆய்வகங்கள் வாங்குவதில்லை.